ஒன்பது சபைகளையும் திறக்கச் சொல்லுங்கள்!

தோழர்களே!

வர்த்தமானியை வாசியுங்கள். இன்றிரவே வாசியுங்கள். எங்கள் காணியைப் பற்றி, எங்கள் பள்ளிக்கூடங்களைப் பற்றி, எங்கள் குளங்களையும் கடலையும் பற்றிக் கொழும்பில் தாள் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. எங்களைக் கேட்காமல் அச்சாகிறது.

கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்பதற்கு ஒரு சபை இல்லை. வடக்கில் இல்லை. கிழக்கில் இல்லை. மலையகத்தில் இல்லை. காலியில் இல்லை, குருநாகலில் இல்லை, அநுராதபுரத்தில் இல்லை. ஒன்பது மாகாணம். ஒன்பதும் ஆளுநர் கையில்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. வடக்கின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. கடைசியாக ஊவா, 2019இல். அதற்குப் பிறகு மாகாணத்துக்கென்று ஒரு வாக்குச் சீட்டு எங்கள் கைக்கு வரவில்லை.

எத்தனை வருடமாகச் சும்மா இருக்கிறோம்? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். வெட்கமாக இருக்கும்.

தோழர்களே, 2025 மார்ச் 28 நினைவிருக்கிறதா? அன்று ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கில் 5,940 ஏக்கர். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார். மூன்று மாதத்துக்குள் உங்கள் காணி என்று காட்டுங்கள். காட்டாவிட்டால் அது அரச காணி. எந்தச் சட்டத்தின் கீழ்? 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ். வெள்ளைக்காரன் தன் வசதிக்குச் செய்துவைத்த சட்டம். அவன் போய் எழுபது வருடம் கடந்தும் எங்கள் வாசலுக்கு அதைத்தான் அனுப்புகிறார்கள்.

மூன்று மாதம்! முல்லைத்தீவில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

உறுதி எங்கே என்று கேட்கிறார்கள். பொலித்தீனில் சுற்றி, துணியில் முடிந்து, இடுப்பில் கட்டிக்கொண்டு போரின் கடைசியில் மாத்தளன்வரை போனவர்கள் உண்டு. பதுங்குகுழியில் தண்ணீர் ஏறியபோது பிள்ளையைத் தூக்கினார்கள், பையை விட்டார்கள். உறுதியில் தகப்பன் பெயர். தகப்பன் இல்லை. மரணச் சான்றிதழும் இல்லை. இராணுவத்திடம் கையில் பிடித்துக் கொடுத்த மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கமாட்டேன் என்று தாய் தெருவில் நிற்கிறாள். அவளும் எடுத்துவந்து காட்ட வேண்டுமாம். மூத்தவன் கனடாவில். இளையவள் தமிழ்நாட்டு முகாமில். காணியின் எல்லையில் வன இலாகாவின் கல். விதானையாரிடம் போனால் பிரதேச செயலகத்துக்குப் போ என்கிறார். பிரதேச செயலகம் போனால் கச்சேரிக்குப் போ என்கிறார்கள். இதற்கெல்லாம் சேர்த்து மூன்று மாதம்.

எதிர்த்தோம். குரல் எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஜூன் மாதம் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு வர்த்தமானியை மீளப் பெற்றது. அது எங்கள் வெற்றிதான். கொண்டாடுங்கள். ஆனால் ஒன்றைக் கேளுங்கள்: மக்கள் தெரிந்தெடுத்த ஒரு சபை இருந்திருந்தால், அந்தத் தாள் வந்த வாரமே கைதடியில் அவை கூடியிருக்கும். காணிக்குப் பொறுப்பான மாகாண அமைச்சர் எழுந்து பதில் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் அவர் வீட்டு வாசலில் நின்றிருப்போம். இப்போது யார் வீட்டு வாசலில் நிற்பது? ஆளுநரை நாங்கள் அனுப்பவில்லை. ஜனாதிபதி அனுப்பினார். ஜனாதிபதி திரும்பக் கூப்பிட்டால் போய்விடுவார்.

ஒவ்வொரு தடவையும் நீதிமன்றம் காப்பாற்றும் என்று இருக்கப்போகிறோமா? ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு சட்டத்தரணி ஓடுவார் என்று படுத்துத் தூங்கப்போகிறோமா?

எழும்புங்கள்!

தோழர்களே, மாகாண சபைகளைத் தந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் ஓட்டை என்று எனக்கும் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதில் காணி இருக்கிறது; காணி ஆணைக்குழு இல்லை. அமைக்க வேண்டும் என்று 1987இல் எழுதினார்கள். இன்றுவரை அமைக்கவில்லை. பொலிஸ் இருக்கிறது, தாளில் மட்டும் இருக்கிறது. சரி. ஆனால் அதே திருத்தத்தில் ஒரு வாசகம் உண்டு. அதை மனப்பாடம் செய்யுங்கள். மாகாணப் பட்டியலில் உள்ள எந்த விடயத்திலும் பாராளுமன்றம் சட்டம் செய்ய நினைத்தால், சட்டமூலத்தை ஒழுங்குப் பத்திரத்தில் ஏற்றுமுன் ஜனாதிபதி அதை எல்லா மாகாண சபைகளுக்கும் அனுப்பி அபிப்பிராயம் கேட்க வேண்டும். எல்லாச் சபையும் சம்மதித்தால் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஒரு சபை மறுத்தாலும், அந்த மாகாணத்துக்குச் சட்டம் செல்ல அது போதாது. மூன்றிலிரண்டு வேண்டும். 225 பேரில் 150 கை உயர வேண்டும்.

ஒரே ஒரு சபை. அதற்கு அவ்வளவு வலு.

இன்றைய அரசிடம்தான் 159 பேர் இருக்கிறார்களே, மறுத்து என்ன பயன் என்பீர்கள். பயன் உண்டு. மறுக்கும் சபை விவாதிக்கும். விவாதம் பத்திரிகையில் வரும். மாத்தறையில் இருக்கும் தோழன் வாசிப்பான். அரசு நாட்டின் முன்னால் நின்று ஏன் என்று விளக்க வேண்டும். இப்போது விளக்கத் தேவையே இல்லை. சபையே இல்லாத இடத்தில் மறுப்பது யார்?

இது கற்பனை என்று நினைக்காதீர்கள். நடந்திருக்கிறது. 2012இல் திவிநெகும சட்டமூலம் வந்தது. சமுர்த்தியையும் வேறு அதிகார சபைகளையும் சேர்த்து ஒரே திணைக்களமாக்கி, பசில் ராஜபக்ஷவின் பொருளாதார அபிவிருத்தி அமைச்சின் கீழ் கொண்டுபோகிற சட்டம். ஊர் மட்டத்து உதவிப் பணம்வரை ஒரே கையில். மாகாண சபைகளைக் கேட்காமல் முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. எட்டுச் சபைகளும் தலையாட்டின. வடக்கில் அப்போது சபை இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுநர் சம்மதம் கொடுத்தார். ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி, எங்கள் பெயரால், எங்களுக்காக, ஆம் என்றார்!

செல்லாது என்றது நீதிமன்றம். மக்கள் தெரிந்த சபையின் வாயால் ஆளுநர் பேச முடியாது என்றது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராகக் குற்றப்பிரேரணை. 2013 ஜனவரியில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வடக்கின் காலி இருக்கையைப் பற்றி ஒரு கேள்வி எழுந்தது. ஒரு சிங்களப் பெண்ணின் பதவி பறிபோனது. எங்களுடைய உரிமை எங்களோடு மட்டும் நின்றுவிடுகிற விடயம் என்று இனி எவரும் சொல்ல வேண்டாம்.

அன்று ஒரு மாகாணத்தில் சபை இல்லை. இன்று ஒன்பதிலும் இல்லை.

எப்படி இல்லாமல் போனது? பெண் தோழர்களே, இதை நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லித்தான் இந்த வேலை நடந்தது. 2017இல் ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள். மாகாண சபைத் தேர்தலில் பெண் வேட்பாளர்களுக்கு இடம் ஒதுக்கும் சட்டமூலம். நல்ல சட்டமூலம். எவரும் எதிர்க்கவில்லை. குழுநிலையில், கடைசி நேரத்தில், அதன் வயிற்றுக்குள் வேறொன்றை வைத்தார்கள். தேர்தல் முறையையே மாற்றினார்கள். விகிதாசாரம் போய்க் கலப்பு முறை வந்தது. கலப்பு முறைக்குத் தொகுதி வேண்டும். தொகுதிக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை வந்தது. 2018 ஓகஸ்ட் 24 அன்று பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு. எதிராக 139. ஆதரவாக ஒன்றுமில்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! இப்படியொரு கூத்தை எந்த நாட்டிலாவது பார்த்திருக்கிறீர்களா?

பழைய சட்டம் செத்தது. புதிய சட்டம் நடக்கமுடியாதது. நடுவில் ஒன்பது சபைகள் தொங்குகின்றன. அன்று வாக்களித்தவர்களில் எங்கள் தமிழ்க் கட்சிகளும் இருந்தன. 2017இல் கை உயர்த்தியதும் அவர்கள்தான். அவர்களை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

இதற்கு மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. பழைய விகிதாசார முறையில் தேர்தல் நடத்தலாம் என்று ஒரு சிறு திருத்தச் சட்டம். பெண்களுக்கான இடத்தையும் அதிலேயே வைக்கலாம். 113 கை போதும். சில வாரத்து வேலை. 159 கை வைத்திருக்கிறவர்கள் அதைச் செய்யவில்லை. எல்லை நிர்ணயம் முடியட்டும் என்கிறார்கள். எட்டு வருடமாக முடியாத எல்லை நிர்ணயம்!

தேசிய மக்கள் சக்தித் தோழர்களே, இப்போது உங்களோடு பேச வேண்டும். ஆம், உங்களையும் தோழர்களே என்றுதான் அழைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஆறு ஆசனத்தில் மூன்று உங்களுக்குத் தந்தோம். வன்னியில் இரண்டு தந்தோம். 2024 நவம்பர் 14. கொழும்புக் கட்சி ஒன்றை யாழ்ப்பாணம் இப்படி நம்பியது சின்ன விடயமா? பழைய திருடர்கள் போகட்டும் என்று வாக்களித்தோம். உங்கள் விஞ்ஞாபனத்தைப் படித்து வாக்களித்தோம். மாகாண சபைத் தேர்தல் ஒரு வருடத்துக்குள் என்று எழுதியிருந்தீர்கள். புதிய அரசியலமைப்பு என்று எழுதியிருந்தீர்கள். 2015இல் தொடங்கி நின்றுபோன வேலையை முடிப்போம் என்று எழுதியிருந்தீர்கள்.

வருடம் கழிந்தது. தேர்தல் எங்கே?

உங்கள் கட்சியின் பழைய கணக்கையும் நாங்கள் மறக்கவில்லை. 1987இல் மாகாண சபையை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்கள் ஜே.வி.பி.யினர். 2006இல் வடக்குக் கிழக்கு இணைப்பைப் பிரிக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் போனவர்களும் அவர்களே. அதிகாரப் பகிர்வுக்காகத் தெற்கில் வாய் திறந்த விஜய குமாரதுங்க 1988 பெப்ரவரி 16 அன்று தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சினிமாவில் கொடிகட்டிப் பறந்த சிங்களக் கலைஞன். இடதுசாரி. தோழன். அந்த இரத்தம் எங்களுக்கும் சொந்தம். மாறிவிட்டோம் என்கிறீர்கள். நம்புகிறோம். நம்புவதற்கு ஒரு திகதி தாருங்கள்.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஏனென்றால் இதைவிடப் பெரியது வருகிறது.

புதிய அரசியலமைப்பு வருகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்த நாடு தனக்கென்று எழுதிய யாப்பு இரண்டு. இரண்டும் எங்களை வெளியே விட்டு எழுதப்பட்டவை.

முதலாவது 1972. 1970இல் ஐக்கிய முன்னணி மூன்றிலிரண்டுக்கு மேல் வென்று வந்தது. இடதுசாரிகள் அமைச்சரானார்கள். ஏழைகளின் அரசு என்றார்கள். அரசியல் நிர்ணய சபை கூடியது. உடுவில் உறுப்பினர் தர்மலிங்கம் எழுந்து, ஒற்றையாட்சி வேண்டாம், சமஷ்டி வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். தோற்கடித்தார்கள். மொழித் திருத்தம் கொண்டுவந்தார்கள். அதையும் தோற்கடித்தார்கள். 1971 ஜூனில் தமிழரசுக் கட்சி சபையைவிட்டு வெளியேறியது. யாப்பு நிறைவேறியது. சோல்பரி யாப்பில் சிறுபான்மைக்கு இருந்த 29ஆம் பிரிவின் காப்பும் காணாமல் போனது.

அதை எழுதிய அமைச்சர் யார்? கொல்வின் ஆர். டி சில்வா. சமசமாஜத் தோழர். ஒரு மொழி என்றால் இரண்டு நாடு வந்து சேரும் என்று 1956இல் பாராளுமன்றத்தில் எச்சரித்த அதே மனிதர்! இதைத்தான் நான் அடிக்கடி நினைப்பது. கெட்டவன் எழுதியிருந்தால் மனம் ஆறும். நல்லவன், படித்தவன், இடதுசாரி எழுதினான். மூன்றிலிரண்டு கையில் இருந்தது. கேட்க வேண்டிய தேவை அவனுக்கு வரவில்லை.

இன்னொன்றையும் தேசிய மக்கள் சக்தித் தோழர்கள் கேளுங்கள். அந்த யாப்பு எழுதப்பட்டபோது ரோகண விஜேவீர சிறையில் இருந்தார். ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் சிறையில் இருந்தார்கள். உங்களையும் அன்று எவரும் கேட்கவில்லை.

இரண்டாவது 1978. ஜனாதிபதி ஜே.ஆரின் யாப்பு. அவரைப் பற்றி எழுத எனக்கு மை வீண். நிறைவேற்று ஜனாதிபதி முறையை அவர் தந்தார். அதன் சுமை இன்றும் எங்கள் தோளில்.

மூன்றாவது இனி வரப்போவது. மறுபடியும் இடதுசாரி என்று சொல்லிக்கொள்ளும் அரசு. மறுபடியும் மூன்றிலிரண்டு. மறுபடியும் ஏழைகளின் பெயர். எங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது? ஒரு சபை இல்லை. ஒரு முதலமைச்சர் இல்லை. மாகாணத்தின் பெயரால் பேச ஆணை பெற்ற ஒருவர் இல்லை. பாராளுமன்றத்தில் எங்கள் உறுப்பினர்கள் ஆளுக்கொரு திசையில். இந்த நிலையில் யாப்பு வரைவு வந்தால் என்ன ஆகும்? வாசிக்கக் கிடைக்கும். அவ்வளவுதான்.

வரைவு வருமுன் சபை வர வேண்டும். இதுதான் அவசரம். இதற்காகத்தான் இந்த அறைகூவல்.

இப்போது உங்கள் மறுப்புகளைச் சொல்லுங்கள். கேட்கிறேன்.

எங்களுக்குச் சமஷ்டி வேண்டும், 13 வேண்டாம் என்கிறீர்களா? எனக்கும் சமஷ்டி வேண்டும். யாரை அனுப்பிக் கேட்கப்போகிறீர்கள்? முகநூலையா? 2013 செப்டெம்பரில் வடக்கு மாகாண சபையின் 38 இடத்தில் 30 இடத்தை ஒரே அணிக்குத் தந்து மக்கள் ஒரு குரலை உண்டாக்கினார்கள். அந்தக் குரலுக்கு உலகம் காது கொடுத்தது. அந்தச் சபை பிறகு தனக்குள் அடிபட்டது, நியதிச் சட்டங்களைவிடத் தீர்மானங்களைக் கூடுதலாக நிறைவேற்றியது என்பது வேறு கதை. அந்தக் கோபத்தை வாக்குச் சீட்டில் காட்டுங்கள். சபையே வேண்டாம் என்று சொல்லி ஆளுநருக்குச் சேவகம் செய்யாதீர்கள்.

மாகாண சபை வெள்ளை யானை, காசு வீண் என்கிறீர்களா? காசு இப்போதும் செலவாகிறது. கட்டிடம் இருக்கிறது, அதிகாரிகள் இருக்கிறார்கள், வாகனம் இருக்கிறது. கேள்வி கேட்கும் உறுப்பினர்கள் மட்டும்தான் இல்லை.

நிலைமை சீராகட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறீர்களா? பயங்கரவாதத் தடைச் சட்டமும் 1979இல் தற்காலிகம் என்றுதான் வந்தது. மூன்று வருடத்துக்கு. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். எங்கள் பிள்ளைகளின் இளமையைத் தின்றது. ஆளுநர் ஆட்சியும் தற்காலிகம்தான். 2017இலிருந்து தற்காலிகம்.

பயமாக இருக்கிறது என்கிறீர்களா?

அது உண்மையான பதில். அதை மதிக்கிறேன். கூட்டத்துக்குப் போனால் படம் பிடிப்பார்கள். அடுத்த நாள் வீட்டுக்கு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். பெயர் கேட்பார்கள், தொலைபேசி இலக்கம் கேட்பார்கள், வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். தெரியும். ஆனால் பயந்து இருந்ததன் விலையையும் சேர்த்துப் பாருங்கள், தோழர்களே.

1948. சுதந்திரம் கிடைத்த அதே வருடம். பிரஜாவுரிமைச் சட்டம். தேயிலைக் கொழுந்து பறித்த இலட்சக்கணக்கான எங்கள் மலையகத் தோழர்களை ஒரு சட்டம் நாடற்றவர்களாக்கியது. யாழ்ப்பாணம் கொதித்து எழுந்ததா? தமிழ்க் காங்கிரஸ் அரசோடு போய்ச் சேர்ந்தது. செல்வநாயகம் பிரிந்து வந்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. ஊரின் பெரும்பகுதி தன் வேலையைப் பார்த்தது. அது அவர்கள் பிரச்சினை என்றது. எட்டு வருடத்தில் தனிச் சிங்களச் சட்டம் எங்கள் கதவைத் தட்டியது.

1990 ஒக்டோபர். யாழ்ப்பாணத்து முஸ்லிம் தோழர்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். எங்கள் பெயரால் வெளியேற்றினார்கள். ஐந்துசந்தியில் கடைகள் திறந்தபடி கிடந்தன. பக்கத்து வீட்டில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தோம். அந்த மௌனம் இன்றும் எங்கள் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஒவ்வொரு முறை நீதி கேட்கும்போதும் குத்துகிறது. இனியொரு மௌனத்தை எங்கள் கணக்கில் எழுத விடாதீர்கள்.

வாருங்கள். சேர்ந்து வாருங்கள்.

மட்டக்களப்புத் தோழர்களே வாருங்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரிலிருந்து பண்ணையாளர்கள் வெயிலில் இருந்தார்கள். மாடுகள் வெட்டுப்பட்டன. தரையை மகாவலி அதிகார சபைக்காரர் தங்களுடையது என்றார்கள். கிழக்குச் சபை அப்போது எங்கே இருந்தது?

மன்னார்த் தோழர்களே வாருங்கள். காற்றாலை வேண்டாம், மணல் அகழ வேண்டாம் என்று தீவே தெருவுக்கு இறங்கியது. எங்கே கோபுரம் நடுவது என்பதைக் கொழும்பில் முடிவெடுத்தார்கள். வலை காயும் இடமும் வெள்ளம் வடியும் வாய்க்காலும் அவர்களுக்குத் தெரியுமா? உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு சபை வேண்டும்.

மலையகத் தோழர்களே வாருங்கள். மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் சப்ரகமுவவிலும் உங்கள் பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலைகள் மாகாணத்தின் கீழ்தான் இருக்கின்றன. கணித ஆசிரியர் இல்லை, விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்று லயத்துப் பெற்றோர் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? வாக்குக் கேட்டு வந்தவரிடம் சண்டை பிடிக்கலாம். ஆளுநரின் செயலாளரிடம் மனுத்தான் கொடுக்கலாம்.

முஸ்லிம் தோழர்களே வாருங்கள். கலப்பு முறையில் தொகுதி வெட்டினால் முதலில் காணாமல் போவது சிதறி வாழும் உங்கள் வாக்கு. விகிதாசாரத்துக்காக உங்களைவிடப் பலமாகப் பேசக்கூடியவர் யார்?

தெற்கின் தோழர்களே, நீங்கள் வராமல் இது நடக்காது. 2022 மே 18. காலிமுகத்திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினோம். நீங்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தீர்கள். கண் கலங்கினீர்கள். உப்பில்லாத அந்தக் கஞ்சியின் ருசி இன்னும் நாக்கில் இருந்தால் வாருங்கள். இது தமிழன் கேட்கும் சலுகை இல்லை. தென் மாகாணத்துக்கும் சபை இல்லை. வடமத்திய மாகாணத்துக்கும் இல்லை. அநுராதபுரத்து விவசாயியின் குளத்தைப் பற்றியும் கொழும்புதான் முடிவெடுக்கிறது. ராஜபக்ஷக்களைத் துரத்திய கால்கள் உங்களுடையவை. 2022 ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைவரை நடந்த கால்கள். இன்னும் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

1987இலிருந்து இன்றுவரை வடக்குக்குத் தெரிவான மாகாண சபை இருந்தது எவ்வளவு காலம்? 1988 கடைசியிலிருந்து 1990வரை ஒன்று. 2013இலிருந்து 2018வரை ஒன்று. கூட்டினால் ஏழு வருடம்கூட இல்லை. ஒரு பிள்ளை ஏழாம் வகுப்பை முடிக்கும் காலம்கூட இல்லை. மாகாண சபை தோற்றுவிட்டது என்கிறார்கள். எப்போது அதை வாழவிட்டார்கள்?

இனி வேலை. பேச்சு போதும்.

இந்த வாரம் உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் கூட்டம் போடுங்கள். பத்துப் பேர் வந்தாலும் போடுங்கள். கடற்றொழிலாளர் சங்கத்தைக் கூப்பிடுங்கள். கமக்காரர் அமைப்பைக் கூப்பிடுங்கள். மாதர் சங்கத்தை முன்வரிசையில் இருத்துங்கள். ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் தோழர்களே, நீங்கள் எழுதத் தெரிந்தவர்கள். தீர்மானத்தை நீங்கள் எழுதுங்கள். இரண்டே வரி. பழைய முறையில் உடனே தேர்தல். அரசியலமைப்பு வரைவுக்கு முன் தேர்தல். தமிழில் எழுதுங்கள், சிங்களத்தில் எழுதுங்கள். சிங்களம் தெரியாவிட்டால் தெரிந்தவரைத் தேடிப் பிடியுங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருப்பார். ஜனாதிபதிக்கு அனுப்புங்கள். சபாநாயகருக்கு அனுப்புங்கள். தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். பிரதியை உங்கள் ஊர்ச் சுவரில் ஒட்டுங்கள்.

வர்த்தமானி வாசிக்க ஒருவரை நியமியுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புதிது வரும். காணி, வனம், தொல்லியல், பாடசாலை, கடல் என்று கண்ணில் பட்டால் அன்றே ஊருக்குச் சொல்லட்டும். மார்ச் 28 இன்னொரு தடவை எங்களைத் தூக்கத்தில் பிடிக்கக் கூடாது.

தமிழ்க் கட்சிக்காரர் வந்தால் தேநீர் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: 2017இல் ஏன் கை உயர்த்தினீர்கள்? இப்போது ஒரே மேசையில் ஏன் இருக்கமாட்டீர்கள்? பதில் வரும்வரை எழும்ப விடாதீர்கள்.

அரச தரப்பு உறுப்பினரின் அலுவலகம் உங்கள் நகரத்தில் இருக்கிறது. அங்கே போங்கள். தனியாகப் போகாதீர்கள். இருபது பேராகப் போங்கள். கல் வேண்டாம், கூச்சல் வேண்டாம். அவர்களுடைய விஞ்ஞாபனத்தை எடுத்துப் போங்கள். மாகாண சபைத் தேர்தல் ஒரு வருடத்துக்குள் என்ற பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள். எப்போது என்று கேளுங்கள். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். கேளுங்கள், காத்திருக்கிறோம் என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நாள், மாதம், வருடம். மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள். வாங்காமல் ஊர் திரும்பாதீர்கள்.